குளிரறையில் தொடங்கிய பாட்டு

சப்பாத்தைக் கழற்றினேன். காலுறைகளையும் கழற்றிச் சுருட்டி அதற்குள் செருகினேன்.

"மிஸ்யூ சிவா, கழற்றாதேங்கோ. நிலத்திலை கண்ணாடித் துண்டு கிடக்கும்" என்று டானியல் என் காதுக்குள் கத்தினான். கத்தாவிட்டால் கேட்காது. அந்த மண்டபத்து ஒலிபெருக்கி ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் கதவளவு உயரம்.

"சப்பாத்தோடை நான் அதைச் சொல்லமாட்டன், தம்பி."

அவன் வாதாடவில்லை. தோளில் கிடந்த துவாயை எடுத்து, பாட்டுப் போடும் தன் மேசைக்குப் பின்னால் விரித்துவிட்டான். வேர்வையில் நனைந்த துவாய். அதில் ஏறி நின்றேன். பாதத்துக்கு அடியில் நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது. தம், தம், தம், தம் என்று ஒரே சீரான அதிர்வு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அது. மொன்றியலில் பனி உருகித் தெருவெல்லாம் கறுத்த சேறாகக் கிடக்கும் நாட்கள். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் விழுந்தது. அந்த வெயிலுக்குள் ஒரு தேர்க்கூட்டமளவு சனம் ஆடிக்கொண்டிருந்தது. என் கையில் மைக்.

நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தச் சொல் சொல்லப்படாமல் கிடந்ததால் மூன்று மாதமாக என் வாயில் பாட்டு இல்லை. வீட்டில் என் மனைவி தவமணி இதய ஒப்பரேஷனுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். என்னிடம் அவள் கேட்டது ஒன்றுதான். "உள்ளை கொண்டுபோக முதல் எனக்கு ஒருக்கால் பாடுங்கோ."

போன கிழமை, பத்திரிகையில் நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படித்துவிட்டு லாவாலில் இருந்து ஒரு அம்மா தொலைபேசி எடுத்தார். "கோயிலிலை பாடுறதை நீங்கள் இடையிலை ஏன் விட்டனீங்கள் எண்டு எழுதவே இல்லையே?" என்று கேட்டார். எழுதக் கை வரவில்லை, அதுதான் காரணம். இந்தக் கிழமை எழுதுகிறேன்.

எஃகுச் சுவர்

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் எனக்கு இருபது வருடத்துக்கு மேல் வேலை. தட்டுகளை அடுக்கி, வண்டிலில் ஏற்றி, குளிரறைக்குள் தள்ளுவது. குளிரறை என்றால் நான்கு பக்கமும் எஃகுச் சுவர். வாயைத் திறந்து ஒரு சுரத்தைப் பிடித்தால் அது சுற்றி வந்து முதுகில் தட்டும். கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று பாடினால் வருகிற கார்வை அங்கேயும் வரும். சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. பாட்டும் முறையாகப் படித்தது இல்லை, காதால் பிடித்ததுதான். ஆனால் வெள்ளிக்கிழமைப் பூசையில் பதிகம் பாடுவதற்கு ஆள் வேண்டுமென்றால் ஐயர் என்னைத்தான் பார்ப்பார். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி அது.

என்னோடு குளிரறையில் வேலை செய்தவர் ஜோஸ்லின். ஹெயிட்டி நாட்டுக்காரி. வில்லரேயில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஒன்றாக மெத்ரோ ஏறி, ஒன்றாக பஸ் மாறிப் போவோம். தன் சபையில் பாடுகிறவர். நாங்கள் கதைப்பது அரைப் பிரெஞ்சு, கால் ஆங்கிலம், மிச்சம் கை. இங்கே எல்லாவற்றையும் என் தமிழில்தான் எழுதுகிறேன்.

அவர் தன் பாட்டுக்குப் பாடுவார். நான் என் பாட்டுக்கு முனகுவேன். ஒருநாள், திட்டமிட்டு இல்லை, அவர் தன் பாட்டைக் கொண்டுவந்து என் பாட்டுக்குக் கீழே வைத்தார். பாரமான பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு போகும்போது இன்னொருவர் வந்து மறுமுனையைப் பிடிப்பாரே, அப்படி. மேற்பார்வையாளர் கதவைத் திறந்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

"உங்கடை கடவுளும் குளிருக்குப் பயமில்லாதவர்தான் போலை" என்றார் ஜோஸ்லின்.

"அவர் இருக்கிறதே பனிமலையிலை, மடாம்."

நிலவறையில் ஒரு பின்னேரம்

ஜோஸ்லினின் மகன் டானியல். முப்பது தாண்டியவன். பகலில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறான். வீட்டு நிலவறையில் முட்டை அட்டை மாதிரி ஒன்றைச் சுவரெல்லாம் ஒட்டி, கணினியும் பெட்டிகளும் வைத்து இசை செய்கிறான். 'ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். அதற்குள் 'சோல்ஃபுல்' என்று ஒரு பிரிவு இருக்கிறதாம். மெஷின் அடிக்கிற மத்தளம் ஒரே சீராகப் போகும். அதற்கு மேலே மனுசக் குரல் சபையில் உருகிப் பாடுகிற மாதிரிப் பாடும்.

"அம்மாவும் நீங்களும் குளிரறையிலை பாடுறதை எனக்குத் தாங்கோ" என்று கேட்டான்.

ஆடுகிறவர்களுக்கான பாட்டு என்பதை அவன் மறைக்கவில்லை. நான்தான் வேறு விதமாக நினைத்துக்கொண்டேன். ஜோஸ்லினின் சபையில் ஒரு கலியாணத்துக்குப் போயிருக்கிறேன். அங்கே பாட்டு வந்தால் எல்லாரும் எழும்பிக் கைதட்டி ஆடுவார்கள், கிழவர்களும் ஆடுவார்கள். அந்த ஆட்டம்தான் என்று எண்ணிக்கொண்டேன். ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். பதிகத்தின் சொற்களைத் தரமாட்டேன். அதன் பண்ணை, அந்த ராகத்தை மட்டும் தருவேன், சொல்லில்லாமல் வாயால் இழுத்து.

பின்னேரம் வேலை முடிந்து குளித்து, விபூதி பூசிக்கொண்டு போனேன். நிலவறை வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்டேன். டானியல் தொலைபேசியில் திசைகாட்டியைப் பார்த்து, மைக்கைத் தூக்கிக் கிழக்கே திருப்பி வைத்தான்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாத பிள்ளைகளுக்காக எழுதுகிறேன். பதிகம் பாடத் தொடங்க முதல் "திருச்சிற்றம்பலம்" என்று சொல்லுவோம். முடிக்கிறபோதும் அதே சொல்தான். கதவைத் திறக்க ஒன்று, சாத்த ஒன்று. பாடுகிறவர் அதைச் சொல்ல, கேட்டு நிற்கிறவர்கள் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிடுவார்கள். நடுவிலே இருமல் வந்தாலும் மின்சாரம் போனாலும் முடிவுச் சொல் சொல்லாமல் ஒருவரும் எழும்புவதில்லை.

சொற்களைத் தரமாட்டேன் என்று சொன்னவன்தான் நான். ஆனால் கண்ணை மூடினதும் பழக்கத்தில் அந்த முதற்சொல் வந்துவிட்டது. பிறகு பண்ணை இழுத்தேன். ஜோஸ்லின் கீழே வந்து சேர்ந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசி மூச்சை இறக்கி வைத்துவிட்டு, முறைப்படி "திருச்சிற்றம்பலம்" என்று முடித்தேன். கண்ணைத் திறந்தபோது டானியல் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாட்டை வெளியிடச் சம்மதம் என்று ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். ஜோஸ்லின் சோற்றுக்குக் கூப்பிட்டார். அவ்வளவுதான்.

குளிரறை என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லையே அந்தப் பாட்டுக்குப் பெயராக வைத்தான்.

நான் காத்திருந்தேன்

சில மாதம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில், பொதிகள் ஏற்றும் பகுதியில் வேலை செய்யும் ஒரு மொரோக்கோப் பொடியன் தொலைபேசியை என் முன்னால் நீட்டினான்.

"இது நீங்கள்தானே?"

எந்த நாடென்று தெரியாத ஒரு ஆட்ட அரங்கு. நீல வெளிச்சம். திடீரென்று என் குரல், தனியாக: "திருச்சிற்றம்பலம்." அந்தக் கூட்டம் முழுக்கக் கையை மேலே தூக்கியது. கோயிலில் தூக்குகிற அதே உயரத்துக்கு. பிறகு மத்தளம் இறங்கியது, ஆடினார்கள்.

அரங்குகளில் அதிகம் போடுகிற பாட்டுகளின் பட்டியலில் அது மேலே போய்க்கொண்டிருக்கிறது என்றான் பொடியன். இங்கே மெயின் தெருவில் ஒரு கிளப்பில் தொடங்கியதாம். பிறகு டொரொன்டோ, பிறகு கடல் தாண்டி. மேசையில் இருந்த எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள். சமையற்காரர் உள்ளே இருந்து ஒரு கேக் துண்டு கொண்டுவந்து வைத்தார்.

நான் பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் பண் வந்தது, போனது, திரும்பி வந்தது. ஜோஸ்லினின் குரல் எழும்பியது. உண்மையைச் சொன்னால் நன்றாகத்தான் இருந்தது. நான் முடிவுக்காகக் காத்திருந்தேன். குரல்கள் ஓய்ந்தன. மத்தளம் மட்டும் கொஞ்ச நேரம் போனது. பிறகு ஒன்றும் இல்லை.

"மிச்சம் எங்கை?" என்றேன்.

"இவ்வளவுதான், மாமா" என்றான். தமிழ்ப் பொடியன்களிடம் பழகி அந்தச் சொல்லைப் பிடித்திருந்தான்.

அன்று பஸ்ஸில் ஜோஸ்லினிடம் கேட்டேன். அவர் டானியலைக் கேட்டார். என் மூச்சு இறங்கினதும் பாட்டு முடிந்ததென்று அவன் மெஷினை நிற்பாட்டிவிட்டான். நான் முடிவுச் சொல்லைச் சொன்னது அதற்குப் பிறகுதான். அவன் மேல் பிழை இல்லை. அவனுக்கு எப்படித் தெரியும்?

அரங்கில் குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள் என்பதற்காக நான் கவலைப்பட்டேன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். என் மகள் அபி புரோசார்டில் இருந்து வந்து, "அப்பா, இந்தக் காலத்திலை அது ஒரு பிழையும் இல்லை" என்று அரை மணித்தியாலம் விளங்கப்படுத்தினாள். கோயிலில் ஒருவர், "சிவத்தண்ணை, இப்ப பாரிலையும் பஞ்சாமிர்தம் குடுக்கிறாங்களாமே?" என்று கேட்டுச் சிரித்தார். அதெல்லாம் என்னைத் தொடவில்லை. என்னை அரித்தது வேறு. அந்தப் பாட்டு ஒவ்வொரு தடவை போகும்போதும் நான் ஒரு பதிகத்தைத் திறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் திறந்தபடியே விட்டுவிட்டு எழும்பிப் போகிறேன். எத்தனை ஊரில், எத்தனை தரம்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். ஒன்றைத் திறந்தபடி விட்டவன் இன்னொன்றை எப்படித் தொடங்குவது?

பூசை முடிய ஐயரிடம் விசயத்தைச் சொன்னேன். அவர் நல்லவர். "நீர் முடிவு சொன்னனீர்தானே. மெசினுக்குக் கேக்காட்டி என்ன, அவருக்குக் கேட்டிருக்கும்" என்றார்.

"அவருக்குக் கேட்டிருக்கும், ஐயா. ஆடுற சனத்துக்குக் கேக்கேல்லையே."

அவர் விபூதித் தட்டை நீட்டினார்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை விடியப்புறம் விளக்குக் கொளுத்தி, முதல் நாள் அரங்குகளில் போன பாட்டுகளுக்கெல்லாம் சேர்த்து "திருச்சிற்றம்பலம்" என்று நானே சொல்லி முடித்துவிடுவேன். சொன்ன பிறகும் நெஞ்சு ஆறாது. விருந்தாளிகளை வேறு வீட்டில் விட்டுவிட்டு இங்கே இருந்து போய்வாங்கோ சொல்லுகிற மாதிரி இருந்தது.

கசெற்

மணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். தவமணியை நான் மணி என்றுதான் கூப்பிடுவேன்.

எங்களுக்குப் பேசிச் செய்த கலியாணம். அவள் கொழும்பில், நான் இங்கே ஆறு பேரோடு ஒரு அறையில். கடிதம் எழுத எனக்கு வராது. அதனால் கசெற்றில் பதிகம் பாடி அனுப்பினேன். ஒரு கசெற்றில் நான் பாடி முடிக்க முதலே நாடா முடிந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. அப்படியே அனுப்பிவிட்டேன்.

அப்போது வெளிநாட்டு விமானங்கள் மிராபெல் விமான நிலையத்துக்குத்தான் வரும். கடுங்குளிர் காலம். பட்டுச்சேலையும் செருப்புமாக வெளியே வந்தாள். நண்பனின் கோட் ஒன்றைக் கொண்டு போயிருந்தேன், அவளை இரண்டு தரம் சுற்றும். கோட்டைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"மூண்டாம் கசெற்றிலை முடிவு வரேல்லை" என்றாள். "அதைக் கேக்கத்தான் வந்தனான். சொல்லுங்கோ."

அத்தனை சனத்துக்கு நடுவில், பெட்டி வண்டிலைப் பிடித்துக்கொண்டு, "திருச்சிற்றம்பலம்" என்று சொன்னேன். அவள் கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். பிறகுதான் கோட்டைப் போட்டாள். எங்களுக்குத் தாலிகட்டு பிறகு ஒரு நல்ல நாளில் நடந்தது. ஆனால் அவள் கடைசிவரை சொல்லுவாள், "எனக்குக் கலியாணம் மிராபெலிலை முடிஞ்சுது" என்று.

இவ்வளவு வருடத்துக்குப் பிறகு அவளுக்கு இதய வால்வு பழுதாகிவிட்டது. வில்லரே வீடுகளின் வெளிப்படிக்கட்டு உங்களுக்குத் தெரியும், இரும்பில் வளைந்து வளைந்து ஏறும். நடுவில் இரண்டு தரம் நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பூனையோடு கதைக்கிற மாதிரிப் பாவனை செய்வாள். மூச்சு வாங்குகிறது என்று எனக்குக் காட்ட மாட்டாள்.

நான் பாடாமல் இருந்தது அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்தது. "எனக்கு வால்வு போச்சு, இவருக்குக் குரல் போச்சு. நல்ல சோடி" என்று மகளிடம் சொன்னாள். ஒருநாள் டானியலின் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டாள். முழுக்கக் கேட்டாள்.

"நெஞ்சுக்கு எக்கோ ஸ்கான் எடுக்கேக்கை கேட்ட சத்தம் மாதிரிக் கிடக்கு" என்றாள். "ஆனா இது ஒழுங்கா அடிக்குது. என்ரைதான் தாளம் தப்புது."

"பகிடி விடாதையும், மணி."

"இஞ்சாருங்கோ, ஆடுற இடத்திலை அவரின்ரை அம்பலத்தின்ரை பேரைச் சொன்னதுக்கு அவர் கோவிக்கமாட்டார். அவரே ஆடுறவர்தானே."

"நான் அதுக்குக் கவலைப்படேல்லை. முடிக்கேல்லை எண்டுதான்."

ஒப்பரேஷனுக்கு அப்போது இரண்டு கிழமை இருந்தது.

"அப்ப போய் முடிச்சுப்போட்டு வாங்கோ" என்றாள். "ஆடுற சனத்துக்குத்தானே கேக்கேல்லை. அவைக்கு முன்னாலை போய் நிண்டு சொல்லுங்கோ. பேந்து வந்து எனக்குப் பாடுங்கோ. நான் மயங்கிப் போகேக்கை இங்கிலீசும் பிரெஞ்சும் கேட்டுக்கொண்டு போக எனக்கு விருப்பமில்லை."

துவாயில் நின்றபடி

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அங்கே போய் நின்றேன். பழைய தையல் தொழிற்சாலைக் கட்டடம் அது. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இப்படி ஒன்றில்தான் காற்சட்டைகளுக்கு அயர்ன் பிடித்தேன். நீராவி எழும்பிய தளங்களில் இப்போது சனம் ஆடுகிறது. அபி காரில் கொண்டுவந்து விட்டாள். ஜோஸ்லின் சபைக்குப் போகிற தொப்பியோடே வந்திருந்தார்.

அங்கே கடவுளைக் கண்டேன் என்று எழுதினால் அது பொய். அது கோயில் இல்லை. பியர் மணத்தது. ஒருவர் கைகழுவும் தொட்டியில் ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தார். ஆனால் நான் நினைத்த மாதிரியும் இல்லை. ஒருவரையொருவர் இடிக்காமல் ஆடினார்கள். என் வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரர், மொட்டைத் தலை, கண்ணை மூடிக்கொண்டு ஒரே இடத்தில் அசைந்துகொண்டிருந்தார். தேர் வெளிக்கிட முதல் வடத்தைப் பிடித்தபடி நிற்கிறவர்களின் முகம் இருக்கும் அல்லவா, அந்த முகம்.

எங்கள் பாட்டு வந்தது. முதற்சொல்லுக்கு எல்லாக் கையும் மேலே போனது. என் கையும் போனது, பழக்கம். பண் போய்த் திரும்பியது. டானியல் மத்தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். கடைசியில் என் குரலும் ஜோஸ்லினின் குரலும் மட்டும் நின்றன. என் குரல் கடைசி மூச்சை இறக்கி வைத்த இடம் எனக்குத் தெரியும். டானியல் என்னைப் பார்த்தான்.

"திருச்சிற்றம்பலம்" என்றேன்.

மைக் என் வாயில் கிடந்த சின்ன நடுக்கத்தைக்கூடப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனது. ஒருவரும் கத்தவில்லை. கை தட்டவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பக்கத்தில் நின்ற ஜோஸ்லின், "ஆமென்" என்றார். மண்டபம் மெதுவாகச் சிரித்தது. மொட்டைத் தலைக்காரர் இரண்டு கையையும் மேலே தூக்கினார், பிறகு இறக்கினார். முடிந்தது.

டானியல் அதைப் பதிந்துகொண்டான். முடிவோடு புதிதாக ஒரு பாட்டாக வெளியில் விடுவேன், இனி எல்லா இடத்திலும் முடிவோடுதான் போகும், என்று எனக்குக் கையடித்துச் சொன்னான். காருக்கு வரும் வழியெல்லாம் நான் முனகிக்கொண்டே வந்தேன். அபி ரேடியோவை நிற்பாட்டினாள்.

இரட்டைக் கதவு

ஒப்பரேஷன் நாள் விடியக்காலமே போனோம். நகை ஒன்றும் இருக்கக் கூடாது என்றார்கள். தாலிக்கொடியைக் கழற்றி என் சட்டைப் பொக்கற்றுக்குள் போட்டாள். நெஞ்சில் அது பாரமாகக் கிடந்தது. தலைக்கு நீலத் தொப்பி போட்டிருந்தார்கள். "தோசை சுடுற பொம்பிளை மாதிரிக் கிடக்கோ?" என்று அபியிடம் கேட்டாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். "சரி, பாடுங்கோ."

"எதை?"

"கிளப்பிலை போறதை."

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வேறு நோயாளி இருந்தார். குரலைத் தாழ்த்தி, "திருச்சிற்றம்பலம்" என்று தொடங்கினேன். அவள் படுத்தபடியே, ஊசி குத்தியிருந்த கையோடு, தலைக்கு மேல் கும்பிட்டாள். பண்ணை இழுத்தேன். மூன்று மாதமாகப் பாடாத தொண்டை, கரகரத்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். கட்டிலைத் தள்ளுகிறவர் வந்து, எங்களைக் கண்டு, சீலைக்கு வெளியே நின்றார். கடைசி மூச்சை இறக்கினேன். முடிவுச் சொல்லுக்கு வாயைத் திறந்தேன்.

அவள் ஒரு விரலைத் தூக்கினாள்.

"முடிக்காதேங்கோ. நான் வந்தாப்பிறகு கேக்கிறன்."

"மணி, அப்பிடி விடக்கூடாது."

"ஏன்? நான் மிராபெலுக்கு வருமட்டும் விட்டனீங்கள்தானே. அதைக் கேக்கத்தானே அவ்வளவு தூரம் வந்தனான். இதுக்கும் வருவன்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இரட்டைக் கதவு திறந்து, தானாகச் சாத்திக்கொண்டது. திறந்த பதிகத்தோடு நான் வெளியில் கதிரையில் இருந்தேன். அபி ஜெபமாலை மாதிரித் தொலைபேசியை உருட்டிக்கொண்டிருந்தாள். பகல் முழுக்க ஒருவரோடும் கதைக்கவில்லை. கதைத்தால் வாயில் இருப்பது கொட்டுப்பட்டுப் போகும் போல இருந்தது.

பின்னேரம் டொக்டர் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். முதலில் பிரெஞ்சில் சொன்னார், பிறகு ஆங்கிலத்தில். அபி தமிழில் சொல்லத் தொடங்கினாள், முடியவில்லை. தேவைப்படவும் இல்லை. தொப்பியைக் கண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது.

விட்டது விட்டபடி

செத்தவீட்டில் வேறு ஆட்கள் பாடினார்கள். நன்றாகப் பாடினார்கள், முறைப்படி முடித்தார்கள். தகனத்துக்கு அவளை உள்ளே கொண்டுபோகும் முன், அவள் காதுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுங்கோ என்று கோயிலில் இருந்து வந்த ஒருவர் சொன்னார். அவருக்கு அபி எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். குனிந்தேன். சந்தனம் மணத்தது. சொல்லவில்லை. நிமிர்ந்துவிட்டேன். வந்த பிறகு கேட்கிறேன் என்றுதான் அவள் சொன்னாள். அவள் இன்னும் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த அடுத்த நாள் ஜோஸ்லினும் டானியலும் வந்தார்கள். இரண்டு பேரும் வெள்ளை உடுப்பு. வளைந்த படிக்கட்டில் ஜோஸ்லின் நடுவில் நின்றார். பூனை அவரிடம் வந்தது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்த நான் உள்ளே போய்விட்டேன்.

தேத்தண்ணி குடித்த பிறகு டானியல் தயங்கித் தயங்கித் தொலைபேசியை எடுத்தான். "முடிவோடை செய்தது ஆயத்தம், மிஸ்யூ சிவா. நீங்கள் கேட்டுச் சொன்னா வாற கிழமை வெளியிலை விடலாம். மடாமுக்கு எண்டு அதிலை போட்டிருக்கிறன்."

போடச் சொன்னேன். என் குரல் எங்கள் வீட்டுச் சுவாமி அறைக்கு முன்னால் தொடங்கியது. பண் வந்தது, போனது, திரும்பியது. மத்தளம் தாழ்ந்தது. கடைசி மூச்சு இறங்கியது. நான் கையை நீட்டி அவன் தொலைபேசியின் மேல் வைத்தேன்.

"நிப்பாட்டு, தம்பி."

நிற்பாட்டினான்.

"இதை விடாதை. பழையதே இருக்கட்டும்."

"ஆனா நீங்கள் எவ்வளவு கஷ்டப்பட்டனீங்கள்? அந்த ஒரு சொல்லுக்காக அண்டைக்கு வெறுங்காலோடை..."

ஆஸ்பத்திரியில் நடந்ததை என் அரைப் பிரெஞ்சில் சொன்னேன். விரலைத் தூக்கியதையும் காட்டினேன். ஜோஸ்லின் முதலில் விளங்கிக்கொண்டார். மகனுடைய கையில் இருந்த தொலைபேசியை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டு மூடினார். கீழே தெருவில் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் திரும்பவும் கோயிலில் பாடுகிறேன். முறைப்படி தொடங்குகிறேன், முறைப்படி முடிக்கிறேன். ஒன்று திறந்து கிடக்கிறதென்பதற்காக மற்றவைக்கு வாயை மூடத் தேவையில்லை என்று இப்போது தெரிகிறது. ஐயர் அன்று மாதிரியே விபூதித் தட்டை நீட்டினார்.

அந்தப் பாட்டு இன்னும் அரங்குகளில் போகிறது. முன்பளவு இல்லை என்கிறான் டானியல், ஆனாலும் போகிறதாம். எங்கே போடுகிறார்களோ அந்த ஊரின் பெயரைச் சனிக்கிழமைகளில் எனக்கு அனுப்புவான். ஞாயிறு விடியப்புறம் எழும்பி, குளித்து, விளக்கைக் கொளுத்தி, அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்பேன். முன்பென்றால் அதற்குப் பிறகு அந்தச் சொல்லைச் சொல்லி எழும்பிவிடுவேன்.

இப்போது சொல்வதில்லை. திரிக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுவிட்டு, அப்படியே இருக்கிறேன்.